கூட்ஸ் வண்டிக்கு டைம்டேபிள் கிடையாது

எங்கள் சாரத்தில் ரயில் பாதை இல்லை. ஆனாலும் ரயில் எங்களைப் பிடித்து நிறுத்தும், கடலூர் ரோட்டில், ஏ.எஃப்.டி. மில் பக்கத்து கேட்டில்! கேட் சாத்தியதும் ஸ்கூட்டரைச் சாய்த்து, தலையைக் குனிந்து, கம்பிக்கு அடியில் நுழைந்து போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் போனவன்தான். அந்த இரண்டு விநாடியில் எஞ்சினுக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு வயிறு எப்படிக் கலங்கும் என்று யோசித்ததே இல்லை.

இந்த வியாதிக்கு ரயிலின் வயசுதான். 1830 செப்டம்பர் 15, லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதைத் திறப்பு விழா. வழியில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. யாரும் இறங்காதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். யார் கேட்டார்கள்? பெரிய மனிதர்கள் எல்லாம் இறங்கி, பக்கத்துத் தண்டவாளத்தில் நின்று அரட்டை! எதிரே 'ராக்கெட்' எஞ்சின் வந்தது. அதில் பிரேக்கே கிடையாது. முன்னாள் மந்திரி வில்லியம் ஹஸ்கிஸ்ஸன் தடுமாறி அடியில் விழுந்து, அன்றிரவே இறந்துபோனார். படிக்காத ஜனங்கள்தான் லைனில் நடக்கிறார்கள் என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நம் தேசத்தில் தண்டவாளம் முதலில் சுமந்தது ஆளை அல்ல, கல்லை. 1837-ல் செங்குன்றத்திலிருந்து ரோடு போடக் கருங்கல் வந்தது. புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879-ல். ஊர் பிரெஞ்சுக்காரனுடையது, வண்டியை ஓட்டியது வெள்ளைக்காரனின் தென்னிந்திய ரயில்வே! தென்னாற்காட்டு மணிலாக்கொட்டை இந்த லைன் வழியாக வந்து, கப்பலேறி, மர்சேய்க்குப் போனது. அத்துமீறி லைனில் நடப்பது குற்றம் என்று 1890 ரயில்வே சட்டமே சொல்லிவிட்டது. 1989 சட்டத்தின் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்குப் பயம்?

தண்டவாளத்தில் படுத்தே சரித்திரத்தில் இடம் பிடித்தவர்களும் உண்டு. 1953 ஜூலை 15, டால்மியாபுரத்தைக் 'கல்லக்குடி' ஆக்கச் சொல்லி கருணாநிதி படுத்தது தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதை. அன்றைய துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். ஆனால் அது அறிவித்துவிட்டு வந்த போராட்டம். சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே வருகிறவரை டிரைவர் என்ன செய்வார்?

கணக்கைப் பாருங்கள். நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் என்றால் சுமார் 58 வேகன், அறுநூறு மீட்டருக்கு மேல் நீளம், ஐயாயிரம் டன் அளவுக்கு எடை. வேகமாக வரும்போது எமர்ஜென்சி பிரேக் போட்டாலும், நிற்க ஒரு கிலோமீட்டர் வரை ஆகலாம். ஸ்டியரிங் கிடையாது, ஒதுங்க முடியாது. ஹாரன் அடிக்கலாம், பிரேக் போடலாம். அவ்வளவுதான். அப்புறம் கடைசி வண்டியில் இருக்கும் கார்டு (2022 முதல் 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர்) விவரம் கேட்டு, அடுத்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வண்டியில் மேலே போகவேண்டியதுதான். ஆபீசில் ஒரு ஃபைல் தொலைந்தாலே நாம் நாலு நாள் தூங்குவதில்லை.

2012-ல் அனில் ககோட்கர் கமிட்டி, வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் பேர் இப்படி அத்துமீறிக் கடக்கும்போது சாகிறார்கள் என்றது. அதில் மும்பையில் மட்டும் சுமார் ஆறாயிரம்.

அதே மும்பையில், 2010 வாக்கில், வடாலா பக்கத்தில் ஒரு சோதனை நடந்தது. பெரிய பொருள் தூரத்திலிருந்து வரும்போது, நிஜ வேகத்தைவிட மெதுவாக வருவதாகவே நம் கண்ணுக்குத் தெரியும். 'தாண்டிடலாம்' என்று தோன்றுவது அதனால்தான். அங்கே ஸ்லீப்பர் கட்டைகளுக்குச் சில இடங்களில் மஞ்சள் அடித்தார்கள்; கட்டைகள் மறைகிற வேகத்தில் ரயிலின் வேகம் தெரிந்துவிடும். ஒரே நீள ஹாரனுக்குப் பதில் விட்டு விட்டு இரண்டு குட்டி ஹாரன். ரயில் மோத வரும்போது அலறுகிற ஒருவன் முகத்தை போர்டில் வைத்தார்கள். சாவு குறைந்தது. அபராதம் சாதிக்காததைப் பெயின்ட் சாதித்தது!

பாசஞ்சர் நேரம் லைன் ஓரத்து ஜனங்களுக்கு மனப்பாடம். அது போய்விட்டால் லைன் காலி என்று நினைப்பு. கூட்ஸ் அப்படியில்லை, கன்ட்ரோலர் விடும்போது வரும். 2020 மே 8, மகாராஷ்டிராவில் கர்மாட் பக்கத்தில் நடந்தது அதுதான். ஊரடங்கில் வேலை போய், ஜால்னாவிலிருந்து சொந்த மாநிலமான மத்தியப் பிரதேசத்துக்கு ரயில் பிடிக்க நடந்த தொழிலாளர்கள், களைத்துப்போய் தண்டவாளத்திலேயே தூங்கிவிட்டார்கள். ரயில் எதுவும் ஓடவில்லை என்ற நம்பிக்கை. நின்றிருந்தது பயணிகள் வண்டி மட்டும்தான். விடியற்காலையில் கூட்ஸ் வந்தது. டிரைவர் பார்த்தார், நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. 16 பேர். மறுநாள் பேப்பர்களில் வந்த படத்தில், ஜல்லிக் கற்களுக்கு நடுவே அவர்கள் கட்டி எடுத்து வந்த சப்பாத்திகள் சிதறிக் கிடந்தன. காலியாகப் போய்க்கொண்டிருந்த வண்டி அது.