ஊசி குத்தினா பரவுமா? - ஒரு பயத்தின் வரலாறு

எங்க ஊரு கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையைப் பார்த்தபடி இருக்கு. இங்கே டீக்கடையிலும் குழாயடியிலும் அடிக்கடி காதில் விழுற மருத்துவ விதி ஒண்ணு உண்டு: "கட்டியில ஊசி வைக்க விடாதீங்க, குத்தினா கலைஞ்சு உடம்பு பூரா பரவிடும்." எங்க தெருவுல ஒரு பெரியம்மா மார்புல கட்டியோட ஏழு மாசம் இருந்தாங்க. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு சாமி படத்துக்குப் பின்னாடி கிடந்துச்சு. கேட்டா, "குத்தாம விட்டா தூங்கும் கண்ணு, குத்தினா முழிச்சுக்கும்"னாங்க.

இதைக் கிராமத்து அறியாமைன்னு ஒதுக்கிடலாம்தான். ஆனா பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கிளறினப்போ ஒரு சங்கதி தெரிஞ்சது. பெரியம்மாவோட பயமும் நியூயார்க் பேராசிரியர்களோட பயமும் ஒரே பயம்தான்!

நூறு வருஷத்துக்கு முந்தி நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில நோய்க்குறியியல் பிரிவுக்குத் தலைவர் ஜேம்ஸ் யூயிங். புற்றுநோய்னா அவர் சொல்றதுதான் வேதவாக்கு. கட்டியை வெட்டி எடுத்துப் பார்க்கிறது அவருக்குப் பிடிக்காது, கத்தி பட்டா பரவும்ங்கிற கவலை. ஆனா என்ன கட்டின்னே தெரியாம கதிரியக்கம் குடுக்கிறது எப்படி? அங்கே தலை, கழுத்துக் கட்டிகளைப் பார்த்துக்கிட்டிருந்த சர்ஜன் ஹேய்ஸ் மார்ட்டின், ஆய்வகத் தொழில்நுட்பரான எட்வர்ட் எல்லிஸோட சேர்ந்து நடுவழி ஒண்ணு பிடிச்சார். 18 கேஜ் ஊசி, ஒரு சிரிஞ்சு, உறிஞ்சி எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் போட்டுப் பார்க்கிறது. 1930-ல் கட்டுரை வந்தது. அதாவது கத்திக்குப் பயந்து பிறந்ததுதான் ஊசி. அந்த ஊசி மேலயே இன்னைக்குப் பழி விழுது பாருங்க.

அமெரிக்காவுல இது பெருசா எடுபடலை. வளர்ந்தது சுவீடன்ல. ஸ்டாக்ஹோம் ரேடியம்ஹெம்மெட்ல இருந்த சிக்ஸ்டன் ஃபிரான்சேன் ரத்தவியலும் படிச்சவர். ரத்தத் துளியைத் தகட்டில் தேய்ச்சுப் பழகின கை. அவரும் யோசெஃப் சாயிசெக்கும் 1950, 60-களில் ஊசியை இன்னும் மெலிசாக்கினாங்க. மார்ட்டினோட ஊசி ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் தடிமன், இது 0.7 மில்லிமீட்டர் சுமார். மயக்க மருந்து வேணாம், ஆபரேஷன் தியேட்டர் வேணாம். நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இதைவிடத் தோதான பரிசோதனை ஏது? இதுதான் இங்கே எல்லாரும் சொல்ற எஃப்.என்.ஏ.சி.

சரி, பரவுமா பரவாதா? இதுக்கு வாதம் பண்ணிப் புண்ணியம் இல்லை, எண்ணித்தான் பார்க்கணும். 1962-ல் பெர்க், ராபின்ஸ் ரெண்டு பேரும் அதே மெமோரியல் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினாங்க. ஊசி குத்தி நோய் கண்டுபிடிச்சு மார்பகம் எடுத்த 370 பெண்களையும், ஊசியே படாத அதே மாதிரிப் பெண்களையும் பக்கத்துல வச்சு, 15 வருஷம் கழிச்சு யார் யார் உயிரோட இருக்காங்கன்னு கணக்குப் பார்த்தாங்க. வித்தியாசம் இல்லை. 1991-ல் ஸ்மித் என்பவர் வயிற்றுக்குள்ள மெல்லிய ஊசி செலுத்தின கேஸ்களைப் பெரிய அளவில் திரட்டினார். ஊசி போன தடத்துல புற்று முளைச்சது லட்சத்துக்கு 3-லிருந்து 9 பேர்.

ஆக, பூஜ்யம் இல்லை. இதைச் சொல்லாம "பரவவே பரவாது"ன்னு அடிச்சுப் பேசுறவங்களாலயும்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை போகுது. கல்லீரல்ல தொடங்குற புற்றுல தடத்துல முளைக்கிறது சுமார் 2.7 சதவீதம்னு 2008-ல் வந்த தொகுப்பாய்வு சொல்லுது. அதனால அங்கே ஸ்கேனே தெளிவாச் சொல்லிட்டா ஊசியைத் தவிர்க்கிறாங்க. விரைப்புற்றுன்னு சந்தேகம் வந்தா விரைப்பையில ஊசி வைக்கிறதில்லை. சூலகத்துக்குள்ளேயே அடங்கி இருக்குன்னு தோணுற கட்டியையும் குத்த மாட்டாங்க. நுரையீரல்னா காத்து கசியிற ஆபத்து தனி. இடத்துக்கு இடம் நியாயம் மாறும். மார்பு, தைராய்டு, கழுத்து நெறி இதெல்லாம் அந்தப் பட்டியல்ல இல்லை.

அப்புறம் ஏன் இந்த நம்பிக்கை சாகலை? காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைதான். நம்ம பக்கத்துல ஆளுங்க ஆஸ்பத்திரிக்குப் போறதே முத்தின பிறகு. முதல்ல ஊசி, ஒரு வாரம் கழிச்சு ஸ்கேன். ஸ்கேன்ல "பரவியிருக்கு"ன்னு வருது. ஏற்கெனவே பரவி இருந்தது அன்னைக்குத்தான் தெரிஞ்சதுன்னு யார் கணக்குப் போடப் போறா? பெரியம்மாவை மக வந்து ஒருவழியா இழுத்துட்டுப் போனப்ப அக்குள்ல நெறி கட்டி ஒரு மாசம் ஆச்சு. இருந்தும் தெருவுல பேச்சு என்ன தெரியுமா? "ஊசி போட்டாங்க, நெறி கட்டிருச்சு." எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்ப சிகிச்சையில இருக்காங்க.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் தொடங்கினது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி அது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும்வரை சொல்லிக்கிட்டே இருந்தது, சீக்கிரம் வந்தா குணப்படுத்தலாம்னுதான். 1986-ல் வந்த மருத்துவக் கல்லூரி சேலத்துலயே இருக்கு. நாம இன்னும் சீட்டை சாமி படத்துக்குப் பின்னாடி சொருகுறோம்.

இப்போ மார்புக் கட்டிக்குக் கொஞ்சம் தடிச்ச கோர் ஊசியைத்தான் அதிகம் பயன்படுத்துறாங்க. செல் மட்டும் போதாது, ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 எல்லாம் பார்க்கத் திசுத் துணுக்கு வேணும். மருந்தே அதை வச்சுத்தான் முடிவாகுது. 2015-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆட்கள் கணையப் புற்றுக்கு அறுவை செய்துகிட்ட 2,000-க்கும் மேற்பட்டவங்களை ஆராய்ந்தப்போ, முன்னாடியே எண்டோஸ்கோப்பி வழியா ஊசி குத்தினவங்க சராசரியா 22 மாசம், குத்தாதவங்க 15 மாசம் இருந்தாங்க. ஊசியாலதான் கூட வாழ்ந்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பழைய பதிவேட்டை வச்சுச் செய்த ஆய்வு அது. குறைச்சலா வாழலைங்கிறது மட்டும் நிச்சயம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பழைய கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற கிறுக்கு மட்டும்தான். உங்க கட்டிக்கு எந்த ஊசின்னு உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க.