மேல்முறையீட்டுக் காலத்தில் ஓடிய நீர்: பிலிகுண்டுலு, 2016

கர்நாடகத்திலிருந்து தமிழகத்திற்குள் வரும் காவிரி நீரை மத்திய நீர் ஆணையம் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளவிடுகிறது. இவ்விடத்தில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. வழங்கப்பட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தீர்ப்பளித்தது. அதனை எதிர்த்த மேல்முறையீடுகள் உச்ச நீதிமன்றத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாக நிலுவையில் இருந்தன. சம்பாப் பருவமோ வழக்கு முடியும்வரை காத்திராது. இவ்விடைவெளியை நிரப்பியவை இடைக்கால ஆணைகளே.

2016 செப்டம்பர் 5 அன்று, வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள்களுக்கு நீர் திறக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இது ஏறத்தாழ 13 டி.எம்.சி. ஆகும். செப்டம்பர் 12இல் அவ்வளவு 12,000 கன அடியாகத் திருத்தப்பட்டது. அன்றே பெங்களூரில் வன்முறை மூண்டது. தமிழகப் பேருந்துகள் ஓசூரோடு நிறுத்தப்பட்டன. ஆயினும் செப்டம்பர் 20 வரை காலவரம்பு நீண்டமையால், திருத்தப்பட்ட ஆணையின்படி மொத்த நீரளவு முந்தைய ஆணையினும் மிகுந்தது. குறைப்பாகத் தோன்றியது உண்மையில் கூடுதலே.

நடுவர் மன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்ற ஆணைக்கு நிகரானது என்பதால் மேல்முறையீடே செல்லாது என மத்திய அரசு வாதிட்டது. 2016 டிசம்பர் 9இல் அவ்வாதம் நிராகரிக்கப்பட்டது. 2018 பிப்ரவரி 16இன் இறுதித் தீர்ப்பு 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. எனினும் அதற்குமுன் ஓடிய நீரைத் திருப்பித் தர இயலாது. நீரின்றிக் கருகிய பயிரையும் மீட்க இயலாது. ஆதலின், ஒரு சாகுபடிப் பருவத்தைப் பொறுத்தவரை இடைக்கால ஆணையே இறுதித் தீர்ப்பாகிறது.