கிழிசலும் ஒட்டும்

மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்க வேண்டுமானால் வெயிற்காலத்தில்தான் போக வேண்டும். கண்ணைக் கூச வைக்கும் வெள்ளைப் பாத்திகள். வரப்பின்மேல் உப்புக் கூடை சுமந்து வரிசையாக நடக்கும் ஆண்களும் பெண்களும். சென்ற வருஷம் நான் அங்கே போயிருந்தபோது, அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் எதையோ இழுத்துச் சரி செய்துகொண்டார். தோல் பட்டை. ஆறு வருஷமாகக் குடலிறக்கமாம்.

"ஆபரேஷன் செய்யணும்னுட்டாங்க, ஐயா. கிழிச்சும் செய்யலாமாம், சின்னச் சின்னத் துவாரம் போட்டும் செய்யலாமாம். எதைச் செஞ்சா நான் மறுபடியும் கூடை தூக்கலாம்?" என்று கேட்டார்.

கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு வைத்தியம் தெரியாது. ஊர் திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன்; டாக்டர் நண்பர் ஒருவரையும் தொந்தரவு செய்தேன். கிடைத்தது ஒரு சுவையான சரித்திரம்.

வயிற்றுச் சுவரில், தொடை சேரும் இடத்துக்கு மேலே, இயற்கையாகவே பலவீனமான ஒரு பகுதி உண்டு. அங்கே சதை விலகினால் குடல் பிதுங்குகிறது. பிதுங்கிய குடல் சிக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றால் உயிருக்கே ஆபத்து. பட்டை குடலைத் தாங்கிப் பிடிக்குமே தவிர, ஓட்டையை அடைக்காது.

1884-ஆம் வருஷம் இத்தாலியில், பாதுவா நகரத்தில், எடோர்டோ பாசினி என்ற மருத்துவர் சதையின் அடுக்குகளை ஒன்றோடொன்று இழுத்துத் தைக்கும் முறையைக் கையாண்டார். அதற்கு முன் செய்தவை பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். இவர் தைத்தது நின்றது. ஆயினும் இழுத்துத் தைத்த இடத்தில் இழுவிசை இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் வலி, சிலருக்குத் தையல் விட்டுப் போகும். 1958-ல் அமெரிக்காவில் பிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் இழை வலையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன், சதையை இழுக்கவே வேண்டாம், ஓட்டையின்மேல் வலையை ஒட்டாக வைத்துத் தைத்தால் போதும் என்று செய்து காட்டினார். பாசினியிலிருந்து சரியாக நூறு வருஷம்!

துவாரச் சிகிச்சை இதற்கெல்லாம் பிறகு பரவியது. நம் தேசத்தில் 1990-ல், பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா அந்த முறையில் பித்தப்பையை அகற்றினார். அடுத்த சில வருஷங்களில் கோயம்புத்தூரில் டாக்டர் சி. பழனிவேலு போன்றவர்கள் தமிழ்நாட்டில் அதை வேரூன்றச் செய்தார்கள். குடலிறக்கத்துக்கும் அது வந்தது. வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி, காமிராவை நுழைத்து, சதைக்குப் பின்புறத்தில் வலையை விரிக்கிறார்கள். கவனியுங்கள்: வலை அதே வலைதான், வாசல்தான் வேறு.

எந்த வாசல் நல்லது? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆராய்ச்சி 2004-ல் வெளியாயிற்று. துவார முறையில் ஆரம்பத்தில் வலி குறைவு. வழக்கமான காரியங்களுக்குத் திரும்பியது ஒரு நாள் முன்னதாக. ஆனால் இரண்டு வருஷத்தில் குடலிறக்கம் திரும்ப வந்தது துவார முறையில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு, திறந்த முறையில் சுமார் 5 பேருக்கு. 250-க்கு மேல் துவாரச் சிகிச்சை செய்து பழகிய கைகளிடம் மட்டும் இந்த வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் இறங்கியவர்களுக்கும், திறந்து செய்து திரும்ப வந்தவர்களுக்கும் பழகிய கையில் துவாரமே சௌகரியம். ஒரு பக்கம், முதல் தடவை என்றால், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து திறந்தே முடித்துவிடலாம், செலவும் குறைவு.

செலவு என்றதும் இன்னொரு பெயர் நினைவுக்கு வருகிறது. மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், கம்பெனி வலைக்குப் பணம் இல்லாத ஏழைகளுக்காக, கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். 2003-ல் அதைப் பற்றி எழுதினார். சிரித்தவர்கள் இருந்திருக்கலாம். 2016-ல் உகாண்டாவில் 302 பேரிடம் சோதித்த முடிவு வந்தது: ஒரு வருஷத்தில் கொசுவலைக்காரர்களில் ஒருவருக்குத்தான் திரும்ப வந்தது, கம்பெனி வலைக்காரர்களில் யாருக்கும் இல்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் விலையில்தான்!

புரட்டாசியில் மறுபடி மரக்காணம் போய் இதையெல்லாம் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"கிழிஞ்ச வலையை இழுத்து முடிஞ்சா பக்கத்திலே கிழியும். துண்டு வலை வச்சுத் தைக்கணும். நம்ம குப்பத்திலே யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே! இதுக்கு நூறு வருஷமா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை. பாரம் தூக்காமல் சில வாரம் இருக்கச் சொல்வார்களே, அதை அந்த நாட்களில் கழித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அவருக்கு ஒரு பக்கம்தான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் திறந்தே செய்துகொண்டார்.

தை பிறந்ததும் போன் செய்தார். பாத்தி சீர்ப்படுத்தும் வேலை ஆரம்பமாகிவிட்டதாம். பட்டையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆட்டைக் கட்டியிருக்கேன், ஐயா. நல்ல தோலு" என்றார்.