மாளிகைக்கு கோதுமை, குடிசைக்கு களி: வில்லா ஏமோவும் பெல்லக்ராவும்

1/
வெனிஸ் போறவங்க படகுல ஒரு சுத்து சுத்திட்டு, போட்டோ எடுத்துட்டு, அப்படியே ரோமுக்கு ரயில் ஏறிடுவாங்க. அங்கிருந்து வடமேற்கே போனா ஃபன்சோலோன்னு ஒரு சின்ன கிராமம் வரும். அங்கதான் வில்லா ஏமோ இருக்கு. கட்டடக்கலை படிக்கிறவங்க தேடிப் போற இடம். அதுக்குள்ள ஒரு மருத்துவ வரலாறும் ஒளிஞ்சிருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்.

2/
16-ம் நூற்றாண்டின் நடுவில் லியோனார்டோ ஏமோ என்ற வெனிஸ் பிரபுவுக்காக ஆண்ட்ரியா பல்லாடியோ கட்டியது. இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். நடுவுல தூண் வச்ச முகப்பு, ரெண்டு பக்கமும் நீளமான வளைவுகள், கடைசியில புறாக்கூண்டு கோபுரங்கள். பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். ஆனா அந்த நீண்ட வளைவுகளுக்குப் பின்னால இருந்தது தானியக் கிடங்கும் வண்டிக் கொட்டகையும்தான். சுருக்கமா சொன்னா, இது ஒரு பெரிய பண்ணை வீடு.

3/
உள்ளே ஜெலோட்டி வரைந்த சுவரோவியங்கள். கடவுள்கள், புராணக் காட்சிகள், பழம் காய்கறித் தோரணங்கள். அந்தத் தோரணங்களுக்கு நடுவே மக்காச்சோளக் கதிர்! அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு அது வந்து நூறு வருஷம்கூட ஆகாத காலம் அது. இந்த வட்டாரத்தில் மக்காச்சோளத்தை முதலில் பயிரிட்டவர்களில் ஏமோ குடும்பமும் ஒன்று. புதுப்பயிர், அமோக விளைச்சல். சுவத்துல வரைய மாட்டாங்களா பின்ன?

4/
அடுத்த இருநூறு வருஷத்துல அந்தப் பயிர் வடக்கு இத்தாலி முழுக்கப் பரவிச்சு. கோதுமையை விட விளைச்சல் அதிகம், விலை குறைவு. விளைந்த கோதுமை நிலக்காரருக்கும் சந்தைக்கும் போச்சு. வாரத்துக்கு உழுதவனுக்கு மிஞ்சினது மக்காச்சோள மாவு. அதைத் தண்ணியில கிண்டினா பொலெண்டா. நம்ம ஊர்ல சொன்னா களி. காலையில களி, மதியம் களி, ராத்திரியும் களி. இறைச்சியும் பாலும் எப்பவாவது ஒரு நாள்.

5/
அப்புறம் ஒரு நோய் வந்தது. வசந்த காலத்தில் வெயில் ஏறும்போது கை, கழுத்து, பாதம் சிவந்து, கறுத்து, உரியும். கழுத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி ஒரு பட்டை. அடுத்து வயிற்றுப்போக்கு. அடுத்து குழப்பம், மனச்சிதைவு. கடைசியில் மரணம். 1735-லேயே ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் இதைக் கவனித்திருந்தார். அந்தக் கழுத்துப் பட்டைக்கு இன்னிக்கும் 'காசல் மாலை'ன்னுதான் பேர். 1771-ல் மிலானைச் சேர்ந்த ஃப்ரபோல்லி வைத்த பெயர் பெல்லக்ரா. சொரசொரப்பான தோல் என்று அர்த்தம்.

6/
1786-ல் ஆல்ப்ஸ் தாண்டி இத்தாலிக்கு வந்த ஜெர்மன் கவிஞர் கோதே, வழியில் பார்த்த கிராமத்துப் பெண்களின் வெளிறிய முகத்தைப் பற்றி எழுதினார். அவங்க தின்கிற களிதான் காரணமா இருக்கும்னு அவருடைய ஊகம். சில நாள் கழிச்சு விசென்சாவில் பல்லாடியோவின் கட்டடங்களைப் பார்த்து அசந்து நின்னதும் இதே கோதேதான்.

7/
1881-ல் இத்தாலி அரசு எடுத்த கணக்கில் பெல்லக்ரா நோயாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். வெனெட்டோவும் லொம்பார்டியும்தான் அதிகம் பாதிக்கப்பட்டவை. மனநலக் காப்பகங்கள் விவசாயக் கூலிகளால் நிரம்பின.

8/
காரணம் என்ன? பூஞ்சை பிடிச்ச மக்காச்சோளத்தின் நஞ்சு என்றார் புகழ்பெற்ற லொம்ப்ரோசோ. பரம்பரை என்றார்கள் சிலர். 1902-ல் வந்த சட்டம் கெட்டுப்போன மக்காச்சோள விற்பனையைத் தடுத்தது. கூடவே நோயாளிகளுக்கு இலவச உணவும் கொடுத்தது. நஞ்சுன்னு சொன்னது தப்பு. ஆனா குணப்படுத்தினது அந்தச் சாப்பாடு!

9/
அமெரிக்காவில் இது தொற்றுநோய் என்றே நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் அனாதை இல்லங்களில் பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுத்து நோயை விரட்டிக் காட்டினார். நம்பாதவர்களுக்காக நோயாளிகளின் தோல் செதிலையும் மலத்தையும் தானே விழுங்கினார். அவருக்கு நோய் வரவில்லை. 1937-ல் எல்வேஜெம் நாய்களில் வைத்துக் கண்டுபிடித்த விடை: நியாசின், அதாவது வைட்டமின் பி3.

10/
அப்போ மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான வருஷமா இதையே சாப்பிட்டவங்களுக்கு ஏன் வரலை? அவங்க மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு, ஊறவச்சு, அப்புறம் அரைப்பாங்க. தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசினை அந்தச் சுண்ணாம்பு விடுவிக்கும். கூடவே பீன்ஸும் சாப்பிட்டாங்க. விதையைக் கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்த ஐரோப்பியர்கள், அதைச் சமைக்கிற முறையைக் கேட்டுக்கவே இல்லை.

11/
இந்தியாவிலும் உண்டு. தக்காணத்தில் வெள்ளைச் சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் பெல்லக்ரா இருந்தது. ஹைதராபாத்தில் அதை ஆராய்ந்தவர் டாக்டர் சி. கோபாலன், சேலத்தில் பிறந்தவர். அவர் வழிநடத்திய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் நம்ம குன்னூர்லதான்.

12/
ஃபன்சோலோவிலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனா பஸ்ஸானோ டெல் கிராப்பா. பிரெந்தா ஆற்றங்கரை ஊர். ஆற்றின் குறுக்கே கூரை போட்ட மரப்பாலம், 1569-ல் பல்லாடியோ வரைந்தது. 1748-ல் வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு, 1813-ல் எரிஞ்சது, 1945-ல் போரில் உடைஞ்சது. ஒவ்வொரு தடவையும் அதே வடிவத்தில் திரும்பக் கட்டிட்டாங்க.

13/
அந்த ஊர் உணவகங்கள்ல இன்னிக்கும் பொலெண்டா உண்டு. பக்கத்துல கருவாட்டு மீன் குழம்பு, இறைச்சி, வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டோட முட்டை. யாருக்கும் பெல்லக்ரா வர்றதில்லை. களி மேல தப்பே இல்லைங்க. தட்டுல அது மட்டும் இருந்ததுதான் நோய்.

14/
பாலத்து முனையில் 1779 முதல் கிராப்பா சாராயம் விற்கும் கடை ஒண்ணு இருக்கு. இதை ஏன் சொல்றேன்னா, இன்னிக்கு அரசு மருத்துவமனை ஓ.பி.யில நாங்க பார்க்கிற பெல்லக்ரா பெரும்பாலும் குடியால வர்றது. சாப்பாட்டை விட்டுட்டு தினமும் குடிக்கிறவங்க. சில சமயம் காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிடுற, உடம்பு மெலிஞ்சவங்களுக்கும் வரலாம்.

15/
உங்க வீட்டுலயோ தெருவுலயோ அப்படி ஒருத்தருக்கு வெயில் படுற கை, கழுத்து மட்டும் கறுத்து உரியுதா? கூடவே பேதி, பேச்சில் குழப்பம்? "வெயில்ல அலையுறான், குடிகாரப் புத்தி"ன்னு விட்டுடாதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. மாத்திரை விலை ரொம்பக் குறைவு, சில நாள்லயே முன்னேற்றம் தெரியும். காசநோய் மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

வர்ற டாக்டர் தோலை மட்டும் பார்த்துட்டு களிம்பு எழுதினா, "இவர் சரியா சாப்பிட்டு மாசக்கணக்கா ஆச்சு சார்"னு நீங்களே சொல்லுங்க. எங்களுக்கு அந்த ஒரு வரி போதும்.