பொத்தான் விழுங்கிய நாய்

1896 டிசம்பர் 9. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு நாய், சிப்பியில் செய்த பொத்தான் ஒன்றை விழுங்கியது. ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வால்டர் கேனன், ஆல்பர்ட் மோசர் என்ற இரு மாணவர்கள் ஒளிரும் திரையில் அந்தப் பொத்தானின் நிழல் நழுவி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொத்தான் தெரிந்தது. அதைச் சுமந்து சென்ற உணவுக்குழாய் தெரியவில்லை.

கதிரை மறிக்கும் கனமான பொருள் எதையாவது உணவோடு கலந்தால்? கேனன் பிஸ்மத் உப்பைக் கலந்து பூனைகளுக்கு ஊட்டினார். இரைப்பை அலை அலையாகச் சுருங்குவது திரையில் விரிந்தது. பூனை மிரண்டால் அந்த அலை சட்டென்று நின்றுபோவதையும் அவர் கண்டார். மனதின் கலக்கம் வயிற்றைத் தொடுகிறது என்பதற்கு அப்படியொரு கண்கூடான சாட்சி கிடைத்தது. ஆனால் மருத்துவமனைகளில் பிஸ்மத் உப்பே சிலருக்கு விஷமாக மாறியது.

1910-இல் ஜெர்மனியில் பேரியம் சல்பேட் அந்த இடத்தைப் பிடித்தது. பேரியத்தின் மற்ற உப்புகளில் சில எலிப்பாஷாணம்; இதுவோ நீரில் கரையாததால் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். என்றாலும் அது குடலின் உட்புறத்தை மட்டுமே வரைந்து காட்டியது. குடல் சுவருக்குள் நடப்பதைக் காண, ரத்தத்தின் வழியாகவே உள்ளே போக வேண்டும். அந்த வழியைத் திறந்துவிட்டது மாட்டின் மடி!

பெர்லின் வேளாண் கல்லூரியில் பின்ஸ், ரேத் என்ற இரு வேதியியலாளர்கள் அயோடின் சேர்ந்த சேர்மங்களை வரிசையாகத் தயாரித்துவந்தார்கள். அவற்றில் ஒன்று பசுக்களின் மடிநோய்க்கு மருந்தானது. அதை மனிதர்களின் கிருமித்தொற்றுக்கும் கொடுத்துப் பார்த்தபோது, ஜெர்மனிக்கு வந்திருந்த மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மருந்து சிறுநீரில் வெளியேறுகிறது. அயோடினோ கதிரை மறிக்கிறது. 1929-இல் ரத்தக்குழாயில் ஏற்றிய மருந்தால் சிறுநீரகம் படத்தில் துலங்கியது. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்ற சண்டையும் அப்போதே மூண்டது.

சண்டையைவிடப் பெரிய தொல்லை வலி. இந்த வகை மருந்துகளைத் தமனியில் செலுத்தினால் நோயாளிகள் எரிச்சலில் துடித்தார்கள். சுவீடனின் டார்ஸ்டென் ஆல்மேனுக்குச் சிறுவயதில் கடலில் நீந்திய நினைவு வந்தது. உப்பு மிகுந்த மேற்குக் கடலில் கண் எரியும். உப்புக் குறைந்த பால்டிக் கடலில் எரியாது. அப்படியானால் குற்றவாளி அயோடின் அல்ல, மருந்தில் கரைந்திருக்கும் துகள்களின் செறிவு! கரைந்ததும் அயனிகளாகப் பிரியாத மூலக்கூறு வேண்டும் என்று எழுதினார். துறை இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. நார்வேயின் நைகார்ட் நிறுவனம் நம்பிக் கைகொடுத்தது. 1969-இல் அவ்வகையில் முதல் மருந்து பிறந்தது; 1980-களின் தொடக்கத்தில் அதே வகையைச் சேர்ந்த அயோஹெக்சால் பயன்பாட்டுக்கு வந்தது.

இதற்கிடையே, 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைத் துண்டு துண்டாகப் படமெடுத்திருந்தது. அசையாத தலைக்கு அது போதும். நெளிந்துகொண்டே இருக்கும் குடலுக்கு வேகம் வேண்டும். 1989-இல் சுருள் முறை அதையும் கொண்டுவந்தது.

இப்போது கால்நடை மருத்துவமனையின் மேசையில் மயக்க மருந்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது. வலிக்கும் இடத்தைச் சொல்ல வாயில்லாத ஜீவன். சில விநாடிகள் அதன் மூச்சு நிறுத்தப்படுகிறது. முன்னங்கால் சிரையில் ஏறிய அயோடின் முதலில் தமனிகளில் ஒளிர்கிறது, அடுத்து குடல் சுவரிலும் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையிலும். கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தக் குடல் பகுதிக்கு ரத்தம் போகவில்லை என்பதெல்லாம், கத்தி படுமுன்பே, திரையில் தெரிந்துவிடுகிறது. இதற்குச் செலவாகும் அயோடின், நாயின் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம்.