படகு யார் பேச்சைக் கேட்கும்?

நான்கு மாதமாக ஒரு மரப்படகு செய்துகொண்டிருக்கிறேன். ரிமோட்டில் ஓடும் படகு. நீளம் 78 சென்டிமீட்டர். கடையில் கிட் எதுவும் வாங்கவில்லை. ஏராக்கட்டையில் தொடங்கி எல்லாமே கைவேலைதான். 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒன்பது வங்குகளை அறுத்து ஏராவின் மேல் நிறுத்தினேன். அவற்றின் மேல் பால்சாப் பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டினேன். பிறகு உள்ளும் புறமும் எப்பாக்சி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடியும் பூசினேன். மரவேலைக்கு மட்டும் மூன்று மாதம் போனது.

ஆனால் இந்தக் கட்டுரை, அதெல்லாம் முடிந்த பிறகு ஒரு நிமிடத்தில் முடிந்துபோகிற ஒரு சின்ன வேலையைப் பற்றியது. படகுக்குள் வைக்கும் ரிசீவரையும் கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரையும் ‘பைண்ட்’ செய்வது. ரிசீவரில் ஒரு குட்டி பிளக்கைச் சொருகி பேட்டரி கொடுக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே ஆன் செய்ய வேண்டும். அவ்வளவுதான். இனிமேல் இந்தப் படகு இந்த ஒரு டிரான்ஸ்மிட்டர் சொன்னால் மட்டும்தான் கேட்கும். பக்கத்தில் பத்துப் பேர் இதே கம்பெனி, இதே மாடலை வைத்துக்கொண்டு நின்றாலும் திரும்பிப் பார்க்காது.

இந்த ஒரு நிமிட வேலைக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. தூரத்தில் இருக்கும் படகை ஓட வைப்பது எப்படி என்பதற்கு 1898-லேயே விடை கிடைத்துவிட்டது. அது யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை காலம் ஆனது.

டெஸ்லாவின் படகு

1898 ஜூலை 1 அன்று நிகோலா டெஸ்லா அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். நகரும் கலங்களையும் வண்டிகளையும் தூரத்திலிருந்து கம்பியில்லாமல் கட்டுப்படுத்தும் முறை பற்றியது. அதே வருடம் நவம்பர் 8 அன்று 613,809 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கம்பியில்லாத் தந்தியே அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. மார்க்கோனி மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் அனுப்பிக்கொண்டிருந்தார். பேச்சும் பாட்டும் வானலையில் வர இன்னும் வருடங்கள் இருந்தன. அதற்குள் ஒருவர் ரேடியோ அலையை வைத்துப் படகை இடம் வலம் திருப்பிக் காட்டுகிறார்! பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் டெஸ்லா ஒரு விஷயம் சொல்கிறார்: காப்புரிமை அலுவலகத்தின் தலைமை ஆய்வாளரே நியூயார்க் வந்து, படகு ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காப்புரிமை கொடுத்தாராம். அரசாங்கத்துக்கு இதைக் கொடுக்கலாம் என்று வாஷிங்டனில் ஓர் அதிகாரியிடம் போய்ச் சொன்னபோது, அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

பார்க்க வந்தவர்கள் படகிடமே கேள்வி கேட்டார்கள். அது சைகையால் பதில் சொன்னது. மந்திரம் என்று நினைத்தவர்களும் உண்டு. பதில் சொன்னது நான்தான் என்று டெஸ்லாவே பிறகு எழுதிவிட்டார்.

அந்தக் காப்புரிமைப் படங்களை அச்செடுத்து என் படகுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேட்டரி, புரொப்பெல்லரைச் சுழற்ற ஒரு மோட்டார், சுக்கானைத் திருப்ப பல்சக்கரத்தோடு இன்னொரு மோட்டார், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஏரியல், அலையை வாங்கும் கருவி. என் படகில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் அதில் இருக்கிறது. அடிப்படை அமைப்பு மாறவே இல்லை. மாறியது எல்லாம் அந்தக் கடைசிப் பொருளுக்குள்தான், அதாவது படகின் காதுக்குள்.

கதவைத் தட்டும் அலை

டெஸ்லா படகின் காது ஒரு சின்ன உலோக உருளை. உள்ளே உலோகத் துகள்கள். கோஹியரர் என்று இதற்குப் பெயர். சாதாரணமாக இந்தத் துகள்கள் வழியாக மின்சாரம் சரியாகப் பாயாது. ரேடியோ அலை வந்து பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். சிக்கல் என்னவென்றால், அலை நின்ற பிறகும் அவை ஒட்டியேதான் இருக்கும். யாராவது தட்டிக் கலைக்க வேண்டும். டெஸ்லா அந்த உருளையை, ஒவ்வொரு சமிக்ஞை வந்த பிறகும் தானாகத் தலைகீழாகக் கவிழும்படி அமைத்தார். மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்போம் இல்லையா, அதேபோல.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுக்கானைத் திருப்பும் பலம் அலையிலிருந்து வரவில்லை. அலை வந்து கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பவர் எழுந்து வேலையைச் செய்கிறார். பலம் படகுக்குள் இருக்கும் பேட்டரியுடையது. உத்தரவு வேறு, பலம் வேறு என்று பிரித்ததுதான் டெஸ்லாவின் பெரிய யோசனை. இன்றைய ரிமோட் எல்லாமே, டிவி ரிமோட் உட்பட, அந்தப் பிரிவின் மேல்தான் நிற்கின்றன.

சரி, வெறும் ‘தட்டு’ என்றால் இடமா வலமா என்று படகுக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வட்டத்தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அது ஒரு படி சுழலும். ஒரு படியில் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும், அடுத்ததில் நிற்கும், அடுத்ததில் மறுபக்கம் திரும்பும், பிறகு மறுபடி நிற்கும். ஒரே பொத்தான் உள்ள டார்ச் லைட் இருக்கிறதே, ஒரு அழுத்துக்குப் பிரகாசம், அடுத்ததற்கு மங்கல், அடுத்ததற்கு அணைவு, அந்தக் கணக்குதான். வரிசையைத் தாண்டிக் குதிக்க முடியாது. இடப்பக்கம் திருப்பி நிறுத்திய பிறகு மறுபடியும் இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்றால், நடுவில் வலத்தைக் கடந்துதான் வர வேண்டும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பொழுதுபோக்குக்காக ரேடியோ படகு செய்தவர்களும் பல வருடம் இதே கணக்கில்தான் ஓட்டினார்கள். முறுக்கிய ரப்பர் பேண்டின் விசையில் படிப்படியாக நகரும் ஒரு சின்ன இயந்திரம் அவர்கள் சுக்கானைத் திருப்பியது. இன்றைய சர்வோ மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. வினாடிக்கு ஏறக்குறைய 50 தடவை அதற்கு ஒரு துடிப்பு போகிறது. துடிப்பின் நீளம் 1 மில்லிவினாடி என்றால் ஒரு ஓரம், 2 என்றால் மறு ஓரம், 1.5 என்றால் நடு. நான் விரலை எவ்வளவு நகர்த்துகிறேனோ அந்த அளவுக்குச் சுக்கான் நகரும்.

பெயர் இல்லாத தட்டு

ஆனால் கதவைத் தட்டியது யார்? கோஹியரருக்கு அது தெரியாது. 1895-இல் ரஷ்யாவில் போபோவ் இதே கோஹியரரை வைத்து, தூரத்து மின்னலைக் கண்டறியும் கருவி செய்திருந்தார். வானத்து மின்னலுக்கே திறக்கிற கதவு, எதிரி தட்டினால் திறக்காதா?

இது அன்றைக்கு விளையாட்டுக் கேள்வி இல்லை. 1898 பிப்ரவரியில் ஹவானா துறைமுகத்தில் ‘மெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. அந்த வருடமே அமெரிக்காவும் ஸ்பெயினும் போரிட்டன. டெஸ்லா தன் காப்புரிமையிலேயே, வெடிமருந்து ஏற்றி அனுப்பும் கலங்களைப் பற்றிப் பேசுகிறார். அப்படி ஒரு ஆயுதம் இருந்தால் நாடுகள் பயந்து போரையே விட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பலிக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் வெடிமருந்து ஏற்றிய படகு யார் சொன்னாலும் திரும்பும் என்றால், அனுப்பியவர் பக்கமும் அது திரும்பலாமே!

டெஸ்லாவுக்கு இது புரிந்திருந்தது. 1900-இல் விண்ணப்பித்து 1903-இல் அவர் பெற்ற இரண்டு காப்புரிமைகள் இதைப் பற்றியவை. வெவ்வேறு அதிர்வெண் கொண்ட அலைகள் சேர்ந்து வந்தால் மட்டுமே கருவி இயங்கும், ஒன்று மட்டும் வந்தால் அசையாது. பேங்க் லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் சாவி ஒன்று, நம் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

அதே 1903-இல் இந்தக் கவலை வீண் இல்லை என்று ஊருக்கே தெரிந்தது. ஜூன் மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃப்ளெமிங் என்ற விஞ்ஞானி, மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியை மக்கள் முன் காட்ட ஏற்பாடு செய்திருந்தார். மார்க்கோனியின் செய்தி வருவதற்கு முன்பே கருவி வேறு எதையோ அடிக்க ஆரம்பித்தது. ‘எலிகள்’ என்ற ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு மார்க்கோனியைக் கிண்டல் செய்யும் வரிகள். வேலையைச் செய்தவர் நெவில் மாஸ்கலைன் என்ற மேஜிக் நிபுணர். ‘எங்கள் அலைவரிசையில் வேறு யாரும் குறுக்கிட முடியாது’ என்ற பெருமையை உடைத்துக் காட்டத்தான் செய்தேன் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

1906-இல் ஸ்பெயின் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கேவெடோ, பில்பாவோ கடற்கரையில் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ முன்னிலையில் ஆட்கள் ஏறிய படகையே ரேடியோவில் ஓட்டினார். டெலிகினோ என்று அவர் பெயர் வைத்த அந்தக் கருவி, எத்தனை தட்டு வந்தது என்று எண்ணி, அதற்கேற்ற வேலையைச் செய்தது. சொல்வளம் கூடியது. ஆனால் சொல்வது யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

குளக்கரையில் ஒரு கிளிப்

பொழுதுபோக்குக்காரர்கள் இந்தக் கேள்விக்குக் கண்டுபிடித்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. 27 மெகாஹெர்ட்ஸில் ஆறு அலைவரிசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் அந்த அலைவரிசைக்கான கிரிஸ்டல் போட வேண்டும். இரண்டு பேர் ஒரே நிறத்தில் ஆன் செய்தால், அவர் படகு இவர் பேச்சையும் கேட்கும், பிறகு இரண்டுமே யார் பேச்சையும் கேட்காது. அதனால் கிளப்புகளில் கரையில் ஒரு பலகை வைத்தார்கள். ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரே ஒரு கிளிப். அதை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டியவர் மட்டும்தான் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யலாம். மற்றவர் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

அறிவியலால் முடியாததை ஒரு துணிக் கிளிப்பும் கொஞ்சம் நாணயமும் சரிசெய்தன. ஆனால் அந்த ஏற்பாடு நண்பர்களுக்குள்தான் செல்லும். எதிரி வந்து கிளிப் எடுத்துக்கொண்டு நிற்க மாட்டான்.

தாவும் அலை

எதிரிக்கான விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. வியன்னாவில் பிறந்து ஹாலிவுட்டில் நட்சத்திரமான ஹெடி லமார், ஜார்ஜ் ஆன்ட்டைல் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து 1942 ஆகஸ்ட் 11 அன்று ஒரு காப்புரிமை பெற்றார். ரேடியோவில் இயக்கும் டார்பிடோவுக்கானது. ஒரே அலைவரிசையில் பேசினால்தானே எதிரி குறுக்கிடுவான்? அனுப்புபவரும் டார்பிடோவும் ஒரே நேரத்தில், ஒரே ரகசிய வரிசைப்படி, அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருந்தால்? தானியங்கிப் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருள் போல இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சுருள். பியானோவின் கட்டைகள் எத்தனையோ அத்தனை, அதாவது 88 அலைவரிசைகள். அமெரிக்கக் கடற்படை அந்தப் போரில் இதைப் பயன்படுத்தவில்லை. டெஸ்லாவைப் பார்த்துச் சிரித்தவர்களின் வரிசைதான்.

இன்று என் டிரான்ஸ்மிட்டர் செய்வது அதே தாவல். காகிதச் சுருளுக்குப் பதில் ஒரு சிப். பைண்ட் செய்யும்போது ரிசீவர், டிரான்ஸ்மிட்டரின் தனி அடையாள எண்ணை மனப்பாடம் செய்துகொள்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இரைந்துகொண்டிருக்கும் சந்தைக்கடைக்குள் தன் எஜமானின் குரலை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்கிறது.

மரத்தில் செய்ததன் லாபமும் இங்கே உண்டு. 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர், அதனால்தான் பழைய படகுகளில் நீளமான ஏரியல் கம்பி. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலை நீளம் 12.5 சென்டிமீட்டர், ஏரியலுக்கு மூன்று சென்டிமீட்டர் போதும். மரம் இந்த அலையைப் பெரிதாகத் தடுக்காது. தண்ணீர் தடுத்துவிடும். அதனால் ஏரியலை மேல்தளத்துக்கு அடியிலேயே, ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே, நிமிர்த்தி ஒட்டியிருக்கிறேன். வெளியே எதுவும் தெரியாது.

பைண்ட் முடிந்ததும் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு, ஃபெயில்சேஃப். குரல் வராமல் போனால் படகு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. டெஸ்லாவின் வட்டத்தட்டில் இதற்கு இடம் இல்லை. தட்டு வராவிட்டால் அது கடைசியாக நின்ற படியிலேயே நிற்கும். சுக்கானும் கடைசி உத்தரவிலேயே கிடக்கும், உத்தரவு கொடுத்தவர் கரையில் இல்லாவிட்டாலும். என் படகுக்கு நான் சொல்லி வைத்திருப்பது: என் குரல் கேட்கவில்லை என்றால் மோட்டாரை நிறுத்து, சும்மா மித. வெடிமருந்து சுமக்கப் பிறந்த இந்தக் கருவிக்கு நூறு வருடத்தில் நாம் கற்றுக்கொடுத்தவற்றில் மிக நல்லது இதுதான் என்று நினைக்கிறேன்.