உடன்பிறந்தார் துயர்

பிள்ளையை இழந்த தாய்க்கு ஆறுதல் கூற ஊரே திரண்டு வரும். தந்தையின் கையைப் பற்றியபடி வாய்பேசாது நிற்போரும் பலர். ஆனால் அதே வீட்டில் தம்பியை இழந்த தமக்கைக்கும், அக்காளை இழந்த சிறுவனுக்கும் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அறிவுரையே: “அம்மாவைக் கவனமாய்ப் பார்த்துக்கொள், பிள்ளை.” அவர்களுக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது என்பதையும், அதன் வடு முதிர்ந்த வயதுவரை நிலைக்கக்கூடும் என்பதையும் மருத்துவ உலகம் உணர நெடுங்காலம் சென்றது. சிறுவர் புற்றுநோயின் வரலாற்றோடு பின்னிக்கிடப்பது அவ்வரலாறு.

அதன் தொடக்கத்திலேயே உடன்பிறந்தாரை இழந்த ஒருவர் நிற்கிறார். 1895 ஆம் ஆண்டு, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திலே பிறந்த எல்லாப்பிரகத சுப்பராவ் என்பவரே அவர். அவருடைய சகோதரர் இருவர் குடலைப் பற்றும் வெப்பமண்டல நோயொன்றினால் அடுத்தடுத்து மாண்டனர். சுப்பராவையும் அந்நோய் பற்றியது. அவர் உயிர் தப்பினார். சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்ற அவர், 1920களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா சென்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1940 இல் லெடர்லே ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் இயங்கிய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அவருடைய சகோதரரைக் கொண்டுபோன நோய்க்கு அதுவே பின்னர் மருந்தாயிற்று.

அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்தெரின் என்னும் பொருளும் அதே ஆய்வுகூடத்திலேதான் பிறந்தது. பொஸ்டன் நகர மருத்துவரான சிட்னி பார்பர் அதனை இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்குக் கொடுத்தார். பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேரிடம் நோய் சிலகாலம் தணிந்ததென 1948 இல் அவர் வெளியிட்ட செய்தி உலகை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வாண்டிலேயே சுப்பராவ் காலமானார். அன்று சில மாதங்களே நீடித்த அத்தணிவு, பிற்காலத்து மருந்துகளின் துணையால் பலருக்கு நிறைவான சுகமாயிற்று. இன்று செல்வ நாடுகளிலே புற்றுநோயுற்ற பிள்ளைகளுள் ஐவரில் நால்வருக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் நிலை அதுவன்று.

இம்முன்னேற்றம் வீட்டிலிருந்த மற்றப் பிள்ளைகளின் வாழ்வையும் மாற்றியது. முன்பு சில வாரங்களில் உயிரைக் குடித்த நோய், இப்பொழுது ஆண்டுக்கணக்கில் வீட்டிலே குடியிருக்கலாயிற்று. தாய் வைத்தியசாலையில் இருப்பாள். தந்தை செலவுக்கு வழிதேடி அலைவார். மூத்த பிள்ளை சமையலறைக்குள் நுழையும். வைத்தியசாலையின் கதவுகளோ சிறுவருக்குத் திறக்கப்படவில்லை. நோயுற்ற பிள்ளையைப் பெற்றோர் காண்பதற்கே கட்டுப்பாடுகள் இருந்தன. அவற்றைத் தளர்த்துமாறு பிரித்தானியாவில் 1959 இல் பிளாட் அறிக்கை பரிந்துரைத்தது. நோயின் பெயரைப் பிள்ளைகளிடம் மறைப்பதே அன்பு என அக்காலத்தார் எண்ணினர். சாகும் தறுவாயிலிருந்த குழந்தைகள், ஒருவரும் சொல்லாதிருக்கவும், தம் நிலையை அறிந்திருந்தனர் என மைரா புளூபொண்ட் லாங்னர் என்னும் மானிடவியலாளர் 1978 இல் எழுதிய நூல் அவ்வெண்ணத்தை அசைத்தது.

சகோதர இழப்பால் மனம் குலைந்த சிறுவரைப் பற்றி 1964 இல் அமெரிக்க உளவியலாளர் கேய்ன் முதலியோர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ‘நான் சண்டையிட்டதனால்தான் தம்பி இறந்தான்’ என்பது போன்ற குற்றவுணர்வு அச்சிறுவரிடம் காணப்பட்டது. எனினும் அவர்கள் சிகிச்சை நாடி வந்தவர்கள். உடன்பிறந்தாரை இழந்த எல்லோரையும் அவர்களைக்கொண்டு மதிப்பிட இயலாது. இக்குறை சுவீடனில் பெரிதும் நீங்கியது. 2000 முதல் 2007 வரை புற்றுநோய்க்கு உடன்பிறப்பைப் பறிகொடுத்த இளையோரை நாடு முழுவதிலும் தேடி, 2009 இல் வினாக்கொத்து அனுப்பினர். 174 பேர் விடையளித்தனர். பதற்றமும் மனச்சோர்வும் மற்ற இளையோரைவிட அவர்களிடம் மிகுந்து காணப்படவில்லை. ஆயினும் உறக்கம் வர மறுத்தலும் தம்மைத் தாமே தாழ்வாக மதித்தலும் மிகுந்திருந்தன. இழப்பு நேர்ந்து இரண்டு முதல் ஒன்பது ஆண்டுகள் சென்ற பின்னரும், 54 வீதத்தினர் தம் துயரத்தைச் சிறிதளவே கடந்தோம் அல்லது கடக்கவே இல்லை என்றனர். துயரைக் குடும்பத்தாரோடும் நண்பரோடும் பேச முடிந்தவர்களே அதனை எளிதிற் கடந்திருந்தனர்.

இவ்வுண்மை மட்டக்களப்பு நாட்டுக்கும் உரியது. வாவி சூழ்ந்த புளியந்தீவு, 1628 இல் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பிய காலந்தொட்டு அந்நாட்டின் நடுவிடமாய் விளங்குகிறது. புற்றுநோயுற்ற பிள்ளையோடு இங்கிருந்து புறப்படும் பெற்றோர், கொழும்புக்கு அண்மையிலுள்ள மகரகம வைத்தியசாலையையே நெடுங்காலம் நம்பியிருந்தனர். வீதி வழியே அது 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பயணம். அவ்வேளையில் மற்றப் பிள்ளைகளைத் தாங்கிக்கொள்வது இந்நாட்டின் தாய்வழிக் குடி அமைப்பேயாகும். வீடு பெண்மக்களுக்கே சீதனமாய்ச் செல்வதால், தாயின் சகோதரிகள் அருகருகே வாழ்வது இங்கே வழக்கம். பெரியம்மாவின் மகளும் அக்காள். சின்னம்மாவின் மகனும் தம்பி. ஆகவே ஒரு பிள்ளை மறையுமிடத்து, உடன்பிறந்தாரை இழந்தோர் ஒரு வீட்டில் மட்டுமன்றி ஒரு வளவெங்கும் இருப்பர். பேசுவதற்குத் துணையும் அங்கேயே உண்டு.

இத்துணையைப் பயன்படுத்தத் தடையாய் நிற்பது மௌனமே. முப்பத்தோராம் நாளில் துடக்குக் கழிகிறது. அதன்பின் இறந்த பிள்ளையின் பெயரைச் சொன்னால் தாய் அழுவாள் என அஞ்சி, மற்றப் பிள்ளைகள் அப்பெயரையே சொல்லாது விடுகின்றனர். பிள்ளை மறந்துவிட்டது எனப் பெரியோர் மகிழ்கின்றனர்; பிள்ளையோ பெரியோரைக் காக்கிறது.

துயருற்ற சிறுவர் தம் உள்ளத்தைத் திறக்க வழி செய்வது இவ்வூருக்குப் புதிதன்று. போரினால் தாய் தந்தையரையும் உடன்பிறந்தாரையும் இழந்த தமிழ், முஸ்லிம் சிறுவருக்காக 1996 இல் மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பெற்றது. அங்கே அவர்கள் ஓவியம் தீட்டினர், களிமண்ணைப் பிசைந்தனர், கதை புனைந்தனர். வாயாற் சொல்ல இயலாததைக் கைகள் சொல்லின. போரின் இழப்புக்குச் செய்த அவ்வுதவி நோயின் இழப்புக்கும் பொருந்தும்.

‘தம்பியுடையான் படைக்கு அஞ்சான்’ என்பது பழமொழி. அத்தம்பியை இழந்தவன் எதற்கு அஞ்சுகிறான் என்று அவனிடமே கேட்டறிதல் வேண்டும். நோயின் உண்மையை அவன் வயதுக்கேற்பச் சொல்லி, கடைசி நாட்களில் தம்பியின் அருகே இருக்க இடமளித்து, ஆண்டுகள் பல சென்ற பின்னரும் அப்பெயரை அவனோடு சேர்ந்து உச்சரிப்பது பெரியோர் கடனாகும். இதற்குப் பெருஞ்செலவோ அரிய மருந்தோ வேண்டியதில்லை.